மைனஸ் 30ல ஸ்கூல் நடக்குது, கொஞ்சம் பனிக்கு ஊரே நிக்குது: கனடா குளிர்காலம் எப்படி வேலை செய்யுது?

வருஷா வருஷம் ஜனவரியில அந்த வீடியோ வாட்ஸ்அப்ல வந்துடும். கொதிக்கிற தண்ணிய ஒருத்தர் வானத்துல வீசுவாரு, அது கீழ விழறதுக்குள்ள வெள்ளைப் புகையா போயிடும், கூடவே "கனடாவில் மைனஸ் 44"ன்னு எழுதியிருக்கும். அதே நாள் அதே ஊருக்கு இன்னொரு சேனல்ல மைனஸ் 31ன்னு போடுவான். அடுத்த வாரம் பார்த்தா வான்கூவர்ல கொஞ்சம் பனி பெஞ்சதுக்கே பஸ் நின்னுடுச்சு, ஃப்ளைட் கேன்சல்னு நியூஸ் வரும், ஆனா அங்க டெம்பரேச்சர் என்னமோ ஜீரோவுக்குப் பக்கத்துலதான் இருக்கும். புள்ளைங்கள அங்க படிக்க அனுப்பிட்டு இங்க நியூஸ் பார்த்துட்டு இருக்கிறவங்களுக்கு இதுல எதை நம்பறது, எதுக்குப் பயப்படறதுன்னு குழப்பம் வர்றது நியாயம்தான்.

தெர்மாமீட்டர் எவ்வளவு கீழ போச்சுங்கறதை மட்டும் வெச்சு அங்க அன்னிக்கு வாழ்க்கை கஷ்டமா சுலபமான்னு சொல்லவே முடியாது. ஒரே மாதிரி நிலையா இருக்கிற கடுங்குளிருக்கு ஊரையே ஏத்த மாதிரி கட்டி வெச்சுட்டாங்க. அவங்கள உண்மையிலேயே ஆட்டி வைக்கிறது மூணு விஷயம்: காத்து, ஜீரோவை மேலயும் கீழயும் மாறி மாறித் தாண்டற வானிலை, அப்புறம் கரண்ட் கட். இந்த மூணும் எப்படின்னு ஒவ்வொண்ணா பார்ப்போம்.

மொதல்ல அந்த ரெண்டு நம்பர்

மைனஸ் 31ம் சரி, மைனஸ் 44ம் சரி. ஒண்ணு காத்தோட வெப்பநிலை, இன்னொண்ணு வின்ட் சில். சூடா இருக்கிற டீயை ஊதினா சீக்கிரம் ஆறுதுல்ல, அதே கதைதான், நம்ம தோலைச் சுத்தி உடம்புச் சூட்டுல லேசா ஒரு கதகதப்பான காத்துப் படலம் இருக்கும், வெளிக்காத்து அடிச்சா அது பறந்துடும், உடம்பு மறுபடி சூடாக்கும், மறுபடி பறக்கும். மைனஸ் 31ல 20 கிலோமீட்டர் வேகத்துல காத்து அடிச்சா மூஞ்சிக்கு அது காத்தே இல்லாத மைனஸ் 44 மாதிரி இருக்கும். மைனஸ் 20ல 30 கிலோமீட்டர் காத்துன்னா வின்ட் சில் மைனஸ் 33.

இந்தக் கணக்கோட முதல் வடிவம் அன்டார்டிகாவுல பண்ண சோதனைகள்ல இருந்து வந்தது, 1945ல வெளியாச்சு. அது குளிரை ரொம்பவே மிகைப்படுத்துதுன்னு தெரிஞ்சு, டொரன்டோவுல ஆளுங்கள குளிர்க் காத்துச் சுரங்கத்துல டிரெட்மில்லுல நடக்க விட்டு, மூஞ்சியில சென்சார் ஒட்டி அளந்து பார்த்து, 2001ல கனடாவும் அமெரிக்காவும் புது ஃபார்முலாவுக்கு மாறினாங்க. அதனால ரொம்பப் பழைய "மைனஸ் 60" கதைகளை இப்போதைய வின்ட் சில் நம்பரோட ஒப்பிட்டா சரியா வராது. கனடா வானிலைத் துறை வின்ட் சில்லை டிகிரின்னே சொல்லாது, வெறும் நம்பரா மட்டும்தான் சொல்லும், அது வெப்பநிலை இல்லங்கறதால.

எந்த நம்பரை எதுக்குப் பார்க்கணும்னா:

1. மனுஷன் வெளிய போறதுக்கு வின்ட் சில். மைனஸ் 28ல இருந்து 39க்குள்ளன்னா மூடாத தோல் 10ல இருந்து 30 நிமிஷத்துல உறைய ஆரம்பிக்கலாம். மைனஸ் 40ல இருந்து 47ன்னா 5ல இருந்து 10 நிமிஷம். மைனஸ் 55ஐத் தாண்டினா 2 நிமிஷம் கூட ஆகாது.

2. கார், தண்ணி பைப், வீட்டுச் சுவருக்கெல்லாம் சாதா வெப்பநிலைதான். காத்து அடிச்சா இதெல்லாம் சீக்கிரம் ஆறிப்போகும், ஆனா வெளிய மைனஸ் 20ன்னா கார் மைனஸ் 20க்குக் கீழ போகாது, எவ்வளவு காத்தடிச்சாலும்.

இங்க நியூஸ் போடறவங்க பெரிய நம்பரா பார்த்து எடுத்துப் போடறாங்க. அங்க இருக்கிறவங்க ரெண்டையும் பார்த்துட்டு, ஸ்கார்ஃபை மூஞ்சி வரைக்கும் சுத்தணுமா, காரை பிளக்குல போடணுமான்னு தனித்தனியா முடிவு பண்றாங்க. மைனஸ் 40ல ஒரு வசதி, செல்சியஸா ஃபாரன்ஹீட்டான்னு கேக்கவே வேணாம், ரெண்டும் அங்க ஒரே நம்பர்.

கனடா குளிர்னு ஒண்ணு கிடையாது

வான்கூவர்ல ஜனவரி சராசரி பிளஸ் 3, 4 டிகிரி. பசிபிக் கடல் பக்கத்துல இருக்கு, கிழக்க இருக்கிற மலைங்க ஆர்க்டிக் காத்தைத் தடுத்துடுது, அங்க குளிர்காலம்னா பெரும்பாலும் மழைதான். டொரன்டோவுல ஜனவரி சராசரி மைனஸ் 4 பக்கம், சுத்தி ஏரிங்க இருக்கிறதால ஒரு வாரம் மைனஸ் 15, அடுத்த வாரம் மழைன்னு ஊசலாடும். வின்னிபெக் கண்டத்துக்கு நட்ட நடுவுல இருக்கு, ஆர்க்டிக்குக்கும் அதுக்கும் நடுவுல ஒரு மலை கூட இல்ல, ஜனவரி ராத்திரின்னா சாதாரணமாவே மைனஸ் 20, அலை அலையா மைனஸ் 35 வந்துட்டுப் போகும். இத்தனைக்கும் வின்னிபெக் லண்டனை விடக் கொஞ்சம் தெக்க இருக்கு, அதனால அட்சரேகையைப் பார்த்துக் குளிரை அளக்காதீங்க. கிழக்குக் கோடியில நியூஃபவுண்ட்லாண்டோட செயின்ட் ஜான்ஸ்ல குளிர் அவ்வளவு இல்ல, பனிதான் பயங்கரம், வருஷத்துக்கு 3 மீட்டருக்கு மேல கொட்டும். 2020 ஜனவரி 17ம் தேதி ஒரே நாள்ல 76 சென்டிமீட்டர் கொட்டி, வாசக் கதவைத் தொறந்தா வெள்ளைச் சுவர் நிக்குது, 8 நாள் எமர்ஜென்சி, ரோட்டைத் தோண்ட ராணுவம் வந்துச்சு.

கால்கரி தனிக் கதை. ராக்கி மலையைத் தாண்டி இறங்கற சினூக்ங்கற சூடான மேற்குக் காத்து அடிச்சா சில மணி நேரத்துல 20 டிகிரி ஏறிடும். காலையில மைனஸ் 18ல வெளிய போனவன் மத்தியானம் ஜாக்கெட்டைக் கையில தூக்கிட்டு வருவான், உருகின தண்ணி ராத்திரி மறுபடி உறைஞ்சு ரோடெல்லாம் கண்ணாடி ஆயிடும்.

நாட்டோட ரெக்கார்டு 1947 பிப்ரவரி 3ம் தேதி, யூகான்ல ஸ்னாக்ங்கற ஊர்ல மைனஸ் 63. அங்க இருந்தது ஒரு சின்ன ஏர்ஸ்ட்ரிப்பும் வானிலை நிலையமும்தான், அதனால அதை எடுத்துட்டு வந்து "கனடாவுல மைனஸ் 63 அடிக்கும்"னு சொல்றது ஓவர்.

வீடு: உள்ள 21, வெளிய மைனஸ் 30

நடுவுல 50 டிகிரி வித்தியாசம். இதைத் தாங்கறதுதான் அங்க வீட்டோட முழு நேர வேலை. சுவருக்குள்ள தடிமனா இன்சுலேஷன், ரெண்டு மூணு அடுக்குக் கண்ணாடி ஜன்னல், கீழ பேஸ்மென்ட். அந்த பேஸ்மென்ட் சும்மா ஆடம்பரத்துக்கு இல்ல, குளிர்ல மண்ணே உறைஞ்சு உப்பும், அஸ்திவாரம் அந்த உறையற ஆழத்துக்குக் கீழ போகலைன்னா வீட்டையே தூக்கிவிட்டுடும், எப்படியும் அவ்வளவு தோண்டியாச்சு, அதை ஒரு ரூமாவே ஆக்கிக்கறாங்க.

சூடு எங்கிருந்து வருதுங்கறது மாகாணத்துக்கு மாகாணம் மாறும். ஒன்டாரியோ, ஆல்பர்ட்டா, மனிடோபா பக்கம் பெரும்பாலும் கேஸ் ஃபர்னஸ், அது பேஸ்மென்ட்ல உக்காந்து காத்தைச் சூடாக்கிக் குழாய் வழியா ஒவ்வொரு ரூமுக்கும் ஊதும். கியூபெக்ல அணைக்கட்டு மின்சாரம் மலிவுங்கறதால முக்கால்வாசி கரண்ட் ஹீட்டிங். இங்க ஒரு விஷயம் பலருக்குத் தெரியறதில்ல: கேஸ் ஃபர்னஸா இருந்தாலும் அதோட ஃபேனும் கன்ட்ரோல் போர்டும் கரண்ட்லதான் ஓடுது, அதனால கரண்ட் போனா கேஸ் லைன்ல கேஸ் இருந்தும் வீடு ஆறும்.

வீட்டுக்குள்ள அன்னாடம் படற பாட்டுல பாதி குளிரால வர்றது இல்ல, வறட்சியால. மைனஸ் 25ல இருக்கிற காத்து முழுக்க ஈரமா இருந்தாலும் அதுல இருக்கிற தண்ணி அவ்வளவு கம்மி, அதையே உள்ள கொண்டு வந்து 21 டிகிரிக்குச் சூடாக்கினா ஈரப்பதம் 5 சதவீதத்துக்கும் கீழ போயிடும். சமையல், குளியல், ஆளுங்க மூச்சுன்னு கொஞ்சம் ஏத்திவிடும், ஆனாலும் பாலைவனம் மாதிரிதான். உதடு வெடிக்கும், புள்ளைங்களுக்குக் காலையில மூக்குல ரத்தம் வரும், கார்ப்பெட்ல நடந்து போய் கதவுக் கைப்பிடியைத் தொட்டா சுளீர்னு ஷாக் அடிக்கும். சரின்னு ஹியூமிடிஃபையரை நல்லா ஏத்தி வெச்சா அந்த ஈரமெல்லாம் போய் ஜன்னல் கண்ணாடியோட கீழ் ஓரத்துல தண்ணியா வழிஞ்சு அங்கயே ஐஸா உறையும், அப்புறம் ஃப்ரேம்ல பூஞ்சை பிடிக்கும். வெளிய குளிர் ஏற ஏற உள்ள ஹியூமிடிஃபையரைக் குறைக்கணும்ங்கறது இதனாலதான், கேக்கறப்போ தலைகீழா தெரியும்.

அடுத்து தண்ணி பைப். உறைஞ்ச தண்ணி விரியும், பைப் வெடிக்கும், ஆனா வெடிச்சது அப்போ தெரியாது, ஐஸ் உருகறப்போதான் வீட்டுக்குள்ள வெள்ளம். வெளிச்சுவரை ஒட்டியிருக்கிற சிங்க்குக் கீழ அலமாரிக் கதவைத் தொறந்து வெக்கறது, ஊருக்குப் போனாலும் ஹீட்டிங்கை அணைக்காம 15 டிகிரி பக்கம் விட்டுட்டுப் போறதுன்னு பழக்கமெல்லாம் இதுக்குத்தான். வின்னிபெக்ல 2013-14 குளிர்காலம் நீண்டு போய், உறைபனி மண்ணுல 2 மீட்டருக்கும் கீழ இறங்கி, ரோட்டுக்கடியில வீட்டுக்கு வர்ற பைப்பே உறைஞ்சு 2,000க்கு மேற்பட்ட வீடுகளுக்குத் தண்ணி போச்சு. ஆபத்துல இருக்கிற வீடுகள்ல ஒரு குழாயை பென்சில் தடிமனுக்கு ராப்பகலா ஓடவிடச் சொன்னாங்க. இதுல வினோதம், மேல வெயில் வந்து பனி உருகின பின்னாடியும் பைப் உறைஞ்சுட்டே இருந்துச்சு, ஏன்னா குளிர் மண்ணுக்குள்ள மெதுவாதான் இறங்கும், மேல வசந்தம் வந்த சேதி கீழ போய்ச் சேர வாரக்கணக்காகும்.

வாடகை வீட்டுக்காரங்களுக்கு ஒரு தகவல்: ஒன்டாரியோவுல செப்டம்பர் 1ல இருந்து ஜூன் 15 வரைக்கும் வீட்டுல குறைஞ்சது 20 டிகிரி இருக்கிற மாதிரி ஓனர் சூடு தரணும், இது மாகாண விதி. புதுசா போற ஸ்டூடண்ட்ஸ் நிறைய பேர் பேஸ்மென்ட்ல ஜாக்கெட்டோட படுத்துக்கிட்டு, இதெல்லாம் கனடாவுல சகஜம்னு நினைச்சுக்கறாங்க. சகஜம் இல்ல, கேக்கலாம்.

கரண்ட் போனா என்ன ஆகும்

நம்ம ஊர்ல கரண்ட் தேவை உச்சத்துக்குப் போறது வெயில் காலத்துல, ஏசியால. கனடாவோட பெரும்பகுதியில அது ஜனவரி, பிப்ரவரி சாயங்காலத்துல. எல்லாரும் வேலை முடிஞ்சு வந்து அடுப்பு, ஹீட்டர், லைட்டுன்னு போடற நேரம், அப்போ சூரியனும் போயிருக்கும், ரொம்பக் கடுங்குளிர் நாள்ல காத்தும் பல நேரம் அசையாது, அதனால சோலார், காத்தாலை ரெண்டும் கைகொடுக்காது.

2024 ஜனவரி 13ம் தேதி ஆல்பர்ட்டாவுல இதுதான் நடந்துச்சு. எட்மன்டன் பக்கம் மைனஸ் 40ஐத் தாண்டின குளிர், ரெண்டு நாள் முன்னாடிதான் தேவை 12,384 மெகாவாட்டைத் தொட்டு அப்போதைக்கு ரெக்கார்டு போட்டிருந்துச்சு. சாயங்காலம் ஏழு மணிக்குள்ள மாகாணத்துல எல்லார் போன்லயும் ஒரே நேரத்துல எமர்ஜென்சி அலாரம் அலறுச்சு, தேவையில்லாத லைட்டை அணைங்க, அடுப்பு வாஷிங் மெஷின் போடாதீங்க, எலக்ட்ரிக் காரை இப்போ சார்ஜ் பண்ணாதீங்கன்னு. சில நிமிஷத்துல 200 மெகாவாட் குறைஞ்சுது, பகுதி பகுதியா கரண்டை நிறுத்தற நிலைமை வரல. கியூபெக்லயும் 2023 பிப்ரவரி ஆரம்பத்துல வந்த குளிர் அலையில தேவை 43,000 மெகாவாட்டைத் தாண்டுச்சு.

இதெல்லாம் தப்பிச்ச கதை. தப்பிக்காத கதை 1998 ஜனவரி. அப்போ மைனஸ் 40 எல்லாம் இல்லவே இல்ல, ஜீரோவை ஒட்டிதான் இருந்துச்சு. மேல வானத்துல சூடான காத்து, தரையை ஒட்டி உறையற குளிர், நடுவுல வர்ற மழைத்துளி தண்ணியாவே வந்து கம்பியையோ மரத்தையோ தொட்ட அந்த நொடியில ஐஸா ஒட்டிக்கும். இதுக்குப் பேர்தான் ஃப்ரீஸிங் ரெயின். மான்ட்ரியல் சுத்துவட்டாரத்துல நாள் கணக்கா இது பெஞ்சு, கம்பி மேல கை தடிமனுக்கு ஐஸ் ஏறி, இரும்பு மின்கோபுரமே 1,000 பக்கம் மடங்கி விழுந்துச்சு, மரக் கம்பங்கள் ஆயிரக்கணக்குல. லட்சக்கணக்கான குடும்பம் இருட்டுல, சில இடங்கள்ல ஒரு மாசம் வரைக்கும். 15,000க்கு மேற்பட்ட ராணுவ வீரர்கள் இறங்கி வேலை பார்த்தாங்க. 30 பேர் பக்கம் செத்தாங்க, அதுல வீட்டுக்குள்ள ஜெனரேட்டர் மாதிரி எதையாவது வெச்சு கார்பன் மோனாக்சைடுல போனவங்களும் உண்டு. அந்த வாயுவுக்கு வாசனையும் இல்ல, நிறமும் இல்ல, அதனாலதான் வீட்டுக்கு வீடு அலாரம் வெச்சிருக்காங்க, பனி குவிஞ்சு ஃபர்னஸோட புகைக் குழாய் அடைச்சாலும் அதே ஆபத்துதான்.

பில்லு கட்டலைன்னா குளிர்காலத்துல கரண்டைப் பிடுங்கலாமா? கூடாது. ஒன்டாரியோவுல நவம்பர் 15ல இருந்து ஏப்ரல் 30 வரைக்கும், கியூபெக்ல டிசம்பர் 1ல இருந்து மார்ச் 31 வரைக்கும் வீட்டு இணைப்பைத் துண்டிக்கத் தடை இருக்கு. கடன் போகாது, சேர்ந்துட்டே இருக்கும், மே மாசம் கேப்பாங்க.

காரை பிளக்குல மாட்டறது

வின்னிபெக், சாஸ்கட்டூன், எட்மன்டன் பக்கம் போனா பெட்ரோல் காருக்கும் முன்னாடி கிரில்லுல இருந்து ஒரு சின்ன ஒயர் தொங்கும், ஆபீஸ் பார்க்கிங்ல வரிசையா கம்பத்துல பிளக் பாயின்ட் இருக்கும். பார்க்கிறவங்க எலக்ட்ரிக் கார்னு நினைச்சுடறாங்க. அது பிளாக் ஹீட்டர், இன்ஜினைச் சூடா வெக்கற ஒரு ஹீட்டிங் காயில். மைனஸ் 18ல பேட்டரியோட பலம் பாதிக்குப் பக்கம் போயிடும், அதே நேரம் இன்ஜின் ஆயில் கெட்டியாகிடறதால சுத்தறதுக்கு வழக்கத்தை விட அதிக பலம் வேணும், ஒரு பக்கம் இழப்பு, இன்னொரு பக்கம் கூடுதல் தேவை, காலையில கார் ஸ்டார்ட் ஆகாததுக்கு இது போதும். ராத்திரி பூரா மாட்டி வெக்க வேணாம், டைமர் போட்டு கிளம்பறதுக்கு மூணு நாலு மணி நேரம் முன்னாடி ஆன் ஆனா போதும்.

ஸ்டார்ட் ஆகி நகர்ந்தா அடுத்த வேடிக்கை. ராத்திரி பூரா ஒரே இடத்துல நின்ன டயரோட அடிப்பக்கம் தட்டையாவே விறைச்சுப் போயிருக்கும், மொத ஒண்ணு ரெண்டு கிலோமீட்டருக்கு டக் டக் டக்குனு வண்டி குதிக்கும், சதுர டயர்னே சொல்வாங்க. ஸ்டீயரிங் கல்லு மாதிரி, சீட்டு பலகை மாதிரி, மூச்சு விட்டா கண்ணாடியோட உள்பக்கம் உறையுது. வைப்பர் தண்ணிக்கு மைனஸ் 40 வரைக்கும் உறையாத நீல நிறத் திரவம்தான் ஊத்தணும், வெயில் காலத்துல சாதாத் தண்ணி ஊத்தி அப்படியே மறந்துட்டா டப்பாவே வெடிச்சுடும்.

டயர் விஷயத்துல கஞ்சத்தனம் கூடாது. சாதா டயரோட ரப்பர் 7 டிகிரிக்குக் கீழ போனாலே இறுக ஆரம்பிச்சுடும், பனியே இல்லாத காஞ்ச ரோட்டுல கூட பிடிமானம் குறையும். விண்டர் டயர்ல மலை வடிவத்துக்குள்ள ஒரு பனிப்பூ சின்னம் இருக்கும். கியூபெக்ல டிசம்பர் 1ல இருந்து மார்ச் 15 வரைக்கும் அது கட்டாயம், ஒன்டாரியோவுல கட்டாயம் இல்ல, போட்டா இன்சூரன்ஸ்ல தள்ளுபடி தரணும்னு விதி. எலக்ட்ரிக் காருக்கு வேற கணக்கு, ஸ்டார்ட் ஆகாத தொல்லை கிடையாது, ஆனா கடுங்குளிர்ல ரேஞ்ச் மூணுல ஒரு பங்கு வரைக்கும் போகலாம், கேபினைச் சூடாக்கறதும் அதே பேட்டரிதானே.

ரோடு: மைனஸ் 2தான் மோசம்

பனி பெஞ்சதும் உப்பு போடறாங்கன்னு எல்லாருக்கும் தெரியும். உப்பு ஐஸைச் சூடாக்கறதில்ல, தண்ணி உறையற புள்ளியைக் கீழ தள்ளுது. ஆனா மைனஸ் 10, 12க்குக் கீழ சாதா உப்போட வேலை கிட்டத்தட்ட நின்னுடும். அதனால டொரன்டோ, மான்ட்ரியல் பக்கம் உப்பு, வின்னிபெக் பக்கம் மணலும் சின்ன ஜல்லியும். டொரன்டோ பக்கம் போற உப்புல நிறைய ஹ்யூரான் ஏரிக்கு அடியில 500 மீட்டருக்கும் கீழ கோட்ரிச்ங்கற ஊர்ல இருக்கிற சுரங்கத்துல இருந்து வருது, உலகத்துலயே பெரிய நிலத்தடி உப்புச் சுரங்கம் அது. இந்த உப்புதான் பத்து வருஷத்துல காரோட அடிப்பக்கத்தை அரிச்சுத் தள்ளுது, வசந்தத்துல உருகி ஆத்துக்கும் போகுது.

இப்போ வான்கூவர் கேள்விக்கு வருவோம். மைனஸ் 25ல பனி காஞ்ச மணல் மாதிரி இருக்கும், கால் வெச்சா கீச் கீச்சுனு சத்தம் வரும், பூட்ஸுக்கு நல்லா பிடிமானம் உண்டு. ஜீரோவை ஒட்டி இருக்கிற பனி ஈரமா, கனமா, மேல ஒரு தண்ணிப் படலத்தோட இருக்கும், பகல்ல உருகும், ராத்திரி உறையும், கண்ணுக்கே தெரியாத பிளாக் ஐஸ் ஆகும், தார் ரோடு மாதிரியேதான் தெரியும். வான்கூவர்ல இதுக்கு மேல மூணு சிக்கல்: ஊர் பூரா மேடு பள்ளம், பலர் கிட்ட விண்டர் டயர் இல்ல, வருஷத்துக்குச் சில நாள் பனிக்காக மாநகராட்சி நூத்துக்கணக்குல வண்டி வாங்கி வெக்கவும் முடியாது. அங்க பனியைப் பார்த்து மத்த மாகாணத்துக்காரங்க கிண்டல் பண்றது வழக்கம், ஆனா அவங்களையே அந்த ஏத்தத்துல சாதா டயரோட விட்டா தெரியும்.

மான்ட்ரியல் இதுக்கு நேர் எதிர். பனியை ஓரம் தள்ளறதோட விடாம அள்ளிட்டே போயிடுவாங்க, ஏன்னா அடுத்த பனிக்கு ஓரத்துல இடம் வேணும். 10,000 கிலோமீட்டர் பக்கம் ரோடும் நடைபாதையும். ஆரஞ்சு போர்டு வெச்சு இன்ன நேரம் பார்க்கிங் கிடையாதுன்னு சொல்லி, இழுவை வண்டி சைரன் அடிச்சுட்டே தெருவுல வரும், அந்தச் சத்தம் கேட்டதும் பைஜாமாவோட ஆளுங்க ஓடி வந்து காரை நகர்த்துவாங்க. நகர்த்தலைன்னா அபராதமும் உண்டு, காரை வேற தெருவுல தேடற வேலையும் உண்டு. அள்ளின பனி லாரி லாரியா போய் பழைய கல் குவாரியிலயும் சாக்கடைத் திறப்புலயும் விழும்.

வீட்டு வாசல் உங்க பொறுப்பு. ஒரு மணி நேரம் பனி அள்ளற ஷவலைப் பிடிச்சு, கார் உள்ள வர்ற டிரைவ்வேயை சுத்தம் பண்ணி முடிச்சு உள்ள போனதும், பனி தள்ளற ஸ்னோ ப்ளவ் வண்டி ரோட்டைச் சீவிட்டு வந்து, வாசலை மறிச்சு முழங்கால் உசரத்துக்கு கட்டி கட்டியா ஒரு வரப்பைப் போட்டுட்டுப் போகும். நாடு முழுக்க ஒத்துமையா திட்டற விஷயம் இது. கால்கரி மாதிரி ஊர்கள்ல வீட்டு முன்னாடி இருக்கிற நடைபாதையையும் பனி நின்ன 24 மணி நேரத்துக்குள்ள வீட்டுக்காரர்தான் சுத்தம் பண்ணணும்.

உடம்பு

இந்த ஷவல் வேலை லேசு இல்ல. கியூபெக்ல 1981ல இருந்து 2014 வரைக்குமான ஆஸ்பத்திரிப் பதிவுகளை வெச்சுப் பண்ண ஆய்வு 2017ல வந்துச்சு: 20 சென்டிமீட்டர் பனி கொட்டினதுக்கு அடுத்த நாள், பனியில்லாத நாளோட ஒப்பிட்டா, ஆம்பளைங்க ஹார்ட் அட்டாக்ல ஆஸ்பத்திரியில சேர்றது 16 சதவீதமும் ஹார்ட் அட்டாக்ல சாகறது 34 சதவீதமும் அதிகம். குளிர்ல ரத்தக்குழாய் சுருங்கும், பிரஷர் ஏறும், அதோட ஈரப்பனியைத் தூக்கி வீசறது கனமான வேலை, மூச்சைப் பிடிச்சுட்டுப் பண்றோம், அதுவும் காலையில ஆபீஸ் அவசரத்துல. பொம்பளைங்க கிட்ட அந்த ஏத்தம் தெளிவா தெரியல, ஷவல் பிடிக்கிறது பெரும்பாலும் ஆம்பளைங்கங்கறது காரணமா இருக்கலாம்.

துணி விஷயத்துல மூணு சேதி போதும்: ஒரே தடிமன் ஜாக்கெட்டை விட மூணு மெல்லிய அடுக்கு மேல், உள்ள காட்டன் வேணாம் ஏன்னா வேர்வையை உறிஞ்சி ஈரமாவே இருக்கும், விரல் பிரிஞ்ச கிளவுஸை விட விரலெல்லாம் ஒண்ணா இருக்கிற மிட்டன் சூடு. நெஞ்சுக்கும் முதுகுக்கும் நிறைய போட்டுட்டு தொடைக்கு வெறும் ஜீன்ஸ்ங்கறதுதான் புதுசா போறவங்க எல்லாரும் பண்றது. மூக்கு நுனி, காது, விரல் நுனி வெளுத்து மரத்துப் போனா அது ஃப்ராஸ்ட்பைட் ஆரம்பம், தேய்க்கக் கூடாது, உள்ள போய் வெதுவெதுப்பான தண்ணியில வெக்கணும்.

குளிரை விட இருட்டு பலரை வீழ்த்துது. டிசம்பர் 21 பக்கம் எட்மன்டன்ல பகல் ஏழரை மணி நேரம்தான், இருட்டுல வேலைக்குப் போய் இருட்டுல திரும்பி வரணும், வெயில் வர்ற நேரம் நீங்க உள்ள இருப்பீங்க. மனச்சோர்வு, வைட்டமின் டி குறைபாடு ரெண்டும் அங்க சாதாரணப் பேச்சு, அதனாலதான் பால்ல வைட்டமின் டி சேர்க்கறது அங்க சட்டப்படி கட்டாயம். வெயில் சாய்வா விழற ஊர்ல கருத்த தோல்ல அந்த வைட்டமின் இன்னும் மெதுவாதான் உருவாகும், நம்மாளுங்க டாக்டர் கிட்ட கேட்டு மாத்திரை எடுத்துக்கறது நல்லது.

ஸ்கூலும் வேலையும்

வின்னிபெக்ல வின்ட் சில் மைனஸ் 27, 28ஐத் தொட்டா புள்ளைங்கள இடைவேளையில வெளிய விட மாட்டாங்க, அவ்வளவுதான், ஸ்கூல் நடக்கும். மனிடோபா கிராமப்புறத்துல மைனஸ் 45 பக்கம் போனாதான் ஸ்கூல் பஸ் நிக்கும், ஏன்னா நடுவழியில பஸ் நின்னுட்டா உள்ள இருக்கிற புள்ளைங்க கதி என்னங்கறதுதான் கவலை. ஒன்டாரியோவுல பஸ் கேன்சல் ஆகறதுக்குப் பெரும்பாலும் ரோடு நிலைமைதான் காரணம், பஸ் இல்லைன்னாலும் ஸ்கூல் தொறந்திருக்கும்.

பெரிய ஊர்கள்ல வெளிய வராமலே நடமாட வழி பண்ணி வெச்சிருக்காங்க. டொரன்டோவுல பாத்ங்கற 30 கிலோமீட்டர் சுரங்க நடைபாதை, மான்ட்ரியல்லயும் அதே அளவுக்கு ஒண்ணு, கால்கரியில தரையில இருந்து 15 அடி உசரத்துல பில்டிங்குக்கு பில்டிங் கண்ணாடிப் பாலம். வீடு இல்லாதவங்களுக்கு இதெல்லாம் கிடையாது, வின்னிபெக் பஸ் ஷெல்டர்கள்ல ராத்திரி படுத்துக் கெடக்கறவங்களும் அதே ஊர்லதான் இருக்காங்க.

குளிர் வரலைன்னா

வடக்க பல பழங்குடி ஊர்களுக்கு ரோடே கிடையாது. ஏரியும் சதுப்பு நிலமும் உறைஞ்சாதான் ரோடு. ஒன்டாரியோ வடக்குல மட்டும் 30க்கு மேற்பட்ட ஃபர்ஸ்ட் நேஷன்ங்கற பழங்குடி சமூகங்களுக்கு 3,000 கிலோமீட்டருக்கு மேல குளிர்கால ரோடு, மனிடோபாவுல இன்னொரு 2,000 கிலோமீட்டருக்கு மேல. வருஷத்துக்குத் தேவையான டீசல், சிமென்ட், மரம், வண்டி, மாவு மூட்டை எல்லாம் அந்தச் சில வாரத்துலதான் லாரியில போகணும். முழு லோடு லாரிக்கு ஐஸ் ஒரு மீட்டர் தடிமன் பக்கம் வேணும். நார்த்வெஸ்ட் டெரிட்டரிஸ்ல வைரச் சுரங்கங்களுக்குப் போற ஐஸ் ரோட்டுல லோடு லாரி 25 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல போகக் கூடாது, வேகமா போனா ஐஸுக்கு அடியில தண்ணியில அலை எழும்பி முன்னாடி இருக்கிற ஐஸை உடைச்சுடும்.

2023-24 குளிர்காலம் வழக்கத்தை விடச் சூடு. டொரன்டோவுல ஆளுங்க சந்தோஷமா ஜாக்கெட் பட்டனைக் கழட்டிவிட்டுத் திரிஞ்ச அதே பிப்ரவரியில, வட ஒன்டாரியோ பழங்குடி சமூகங்களோட கூட்டமைப்பான நிஷ்னாபே அஸ்கி நேஷன் எமர்ஜென்சி அறிவிச்சுது, ரோடு உறையல, பல இடத்துல பாதி லோடுக்குக் கூட தாங்கல. லாரியில போக வேண்டியதை விமானத்துல கொண்டு போனா செலவு பல மடங்கு, வீடு கட்டறதுக்கான மரமும் சிமென்ட்டும் அப்படிக் கட்டுப்படியே ஆகாது, அந்த வருஷம் வீடு கட்டற வேலை தள்ளிப்போகும். ஒட்டாவாவுல 7.8 கிலோமீட்டர் ரிடோ கால்வாய் ஸ்கேட்டிங் பாதை 2022-23ல முதல் தடவையா ஒரு நாள் கூட தொறக்கலைங்கறதுதான் நாடு பூரா செய்தியாச்சு, இந்த ரோடு விஷயம் அந்த அளவுக்குக் கூட வெளிய வரல. அங்க இருக்கிறவங்க இப்போ கேக்கறது வருஷம் பூரா ஓடற நிரந்தர ரோடு. சதுப்பு நிலத்துல நூத்துக்கணக்கான கிலோமீட்டருக்குப் போடணும், நூத்துக்கணக்கான ஆறு ஓடைக்குப் பாலம் கட்டணும், பணம் மாகாணம் தருமா மத்திய அரசு தருமாங்கற பேச்சு வருஷக்கணக்கா ஓடிட்டு இருக்கு.